ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி: பல வருடங்கள் செய்து பார்த்த பிறகு

இடுப்பு வலிக்காக ஃபெல்டன்கிரைஸ் பயிற்சியைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் வீட்டில்தான். பாய் விரித்துப் படுத்து, ஒலிப்பதிவு சொல்கிறபடி மெல்ல அசைவேன். வலிக்கு இவ்வளவு பொறுமையான வைத்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பொறுமை இதை உருவாக்கியவரிடமிருந்து வந்தது. மோஷே ஃபெல்டன்கிரைஸ் 1904-ல், இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுட்டாவில் பிறந்தவர். பதின்வயதில் பாலஸ்தீனம் போனார். அப்புறம் பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் படித்தார், அணு விஞ்ஞானி ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார், ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோவைச் சந்தித்துக் கறுப்புப் பட்டை வரை போனார். கால்பந்தில் அடிபட்ட முழங்கால் மட்டும் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக ஸ்காட்லாந்தில் ஆய்வு செய்த காலத்தில் தொல்லை கூடியது. அறுவை சிகிச்சையில் குணமாகும் என்ற உத்தரவாதம் இல்லை. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டு, தான் எப்படி நடக்கிறோம், எடையை எங்கே ஊன்றுகிறோம் என்று பொறியாளரின் கண்ணோடு தன்னையே ஆராய ஆரம்பித்தார். முழங்கால் படும் பாட்டுக்கு இடுப்பும் விலா எலும்பும் கழுத்தும் பொறுப்பு என்பது அவர் கண்டது. முழு உடலையும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பார்வைதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

நான் அதிகம் செய்வது இடுப்புக் கடிகாரம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தொப்புள் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. முதலில் 12-க்கும் 6-க்கும் இடையே உருட்டி, பிறகு முழு வட்டம். எனக்கு ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மறுபக்கம் 7-லிருந்து நேராக 9-க்குத் தாவிவிடும். அந்த இடத்தில் தாடையை இறுக்கி மூச்சையும் பிடித்து வைத்திருப்பேன். தாடை தளர்ந்தால் 8 தானாகத் தென்படும். முடிந்து எழுந்து நின்றால் இரண்டு பாதமும் ஒரே அளவு தரையில் பதியும். காலையில் குனிந்து செருப்பு மாட்டும்போது இருந்த பயம் இப்போது இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். இதில் தசை பலம் ஏறாது. அதற்கு நான் தனியாக நடக்கிறேன், படி ஏறுகிறேன். 2015-ல் ஆஸ்திரேலிய அரசு இயற்கை சிகிச்சைகளை மதிப்பாய்வு செய்தபோது, இதற்கும் தெளிவான சான்று இல்லை என்றே முடிவு வந்தது. என் அனுபவம் அந்தச் சான்றுக்கு ஈடாகாது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெத்தையில் செய்யாதீர்கள், தரைதான் வேண்டும். எவ்வளவு தூரம் அசைய முடியுமோ, அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.