"டிஸ்க் பென்ட்" என்று சொல்கிற கராஜில் முதலில் அளவைக் கேளுங்கள்

கொழும்பில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சொன்ன உடனேயே, சில்லைக்கூடக் கழற்றாமல், "டிஸ்க் பென்ட் சேர், ரெண்டு பக்கமும் மாத்தணும்" (சில்லோடு சுற்றும் பிரேக் தட்டு வளைந்துவிட்டது) என்று ஒரு கராஜ் சொன்னால், சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரே நடுக்கத்துக்கு இரண்டு தடவை காசு அழுதவன் சொல்கிறேன்.

நுவரெலியாவில் இருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கி வந்ததற்குப் பிறகுதான் எனக்கு இது தொடங்கியது. தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. வெளியேறும் இடத்தில் பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறும், பெடல் காலைத் தட்டும். காலி வீதியை ஒட்டிய ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஏசி போட்ட அறை, பிளேன்டீ, கம்பியூட்டர் பில் எல்லாம் உண்டு. முன் டிஸ்க் இரண்டும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் பேடும் மாற்றினார்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புக்குப் போயிட்டுது சேர்" என்றார்கள்.

நடுக்கம் நின்றது. சில மாதங்களில் மெல்லத் திரும்பவும் தலைகாட்டியது. மறுபடி போனால் இந்தத் தடவை பேடை அழுத்தும் கலிப்பர் சரியில்லையாம், சில்லைத் தாங்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் போய்விட்டதாம். இரண்டு பில்லையும் கூட்டினால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகும் உதறல் அப்படியே இருக்க, ஸ்டியரிங் ராக்கைக் கை காட்டினார்கள்.

அங்கிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் தனியாக வேலை செய்யும் மெக்கானிக் பாஸிடம் போனேன். அவர் காரைத் தானே ஓட்டிப் பார்த்தார். பிறகு சில்லைக் கழற்றி, டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும், காந்த அடித்தளம் வைத்த டயல் கேஜைப் பொருத்தி, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஊசி 0.14 மில்லிமீட்டர் ஆடியது. பெரும்பாலான கார்களுக்கு 0.05ஐ ஒட்டித்தான் இருக்கவேண்டும். டிஸ்க்கைக் கழற்றினால் அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக. அம்மிக்கு அடியில் கல் சிக்கியது போல, அந்தத் துருவின் மேல் எந்தப் புது டிஸ்க்கை வைத்தாலும் சரிந்துதான் உட்காரும். கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் தேய்த்துவிட்டு வைத்துப் பார்த்தபோது 0.04.

இதில்தான் ஏமாற்றுகிறவனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. சரிந்து உட்கார்ந்த டிஸ்க் அன்றைக்கே நடுங்காது. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிகிறது. தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபட்டாலே கையில் தெரிந்துவிடும். அதற்குள் கராஜ் கொடுத்த வாரன்டி முடிந்திருக்கும். "பென்ட்" என்ற பேச்சே பெரும்பாலும் பொய்தான். வார்ப்பிரும்பு டிஸ்க் சாதாரண ஓட்டத்தில் அப்படி வளைவதில்லை. தடிப்பு வேறுபாடு, அல்லது சூடான பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதுதான் காரணம்.

எனக்கு அதைவிடக் கோபம் வந்தது அடுத்த விஷயத்தில். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு 20 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. தடிப்பை அளக்கும் மைக்ரோமீட்டர் 19.6 காட்டியது. சில மாத ஓட்டத்தில் அவ்வளவு தேயாது. நடுப்பகுதியின் வெள்ளிப் பெயின்டைச் சுரண்டினால் கீழே பழைய துருக் குழி. லேத்தில் கடைந்து பெயின்ட் அடித்த பழைய டிஸ்க்கைப் "புதுசு" என்று பில் போட்டிருக்கிறார்கள். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் சாமான் வாங்குவது ஒன்றும் குற்றமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து நாங்கள் எல்லோரும் பழைய கார்களை அப்படித்தான் ஓட்டினோம். ஆனால் ரீகண்டிஷன் என்று சொல்லி, அந்த விலைக்கு விற்கட்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனது எந்த விலைக்கும் விற்கிற சாமானே இல்லை.

கராஜுக்குப் போகுமுன் நீங்களே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பிரேக்கே பிடிக்காமல் 80, 100இல் நடுங்கினால் முதலில் சில்லு பலன்ஸைப் பாருங்கள். பிரேக்கில் ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன் பக்கம். இருக்கை நடுங்கினால் பின் பக்கம், பழைய கார்களில் பின் டிரம்மாகவும் இருக்கலாம். திடீர் பிரேக்கில் பெடல் கடகடவென்று துடிப்பது, சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஓடி முடித்ததும் ஒரு சில்லு மட்டும் அதிகமாகக் கொதித்தால் கலிப்பரின் ஸ்லைட் பின் இறுகியிருக்கலாம். அப்படியென்றால் கிரீஸ் போட்டுச் சரிசெய்கிற வேலை அது, ஆனால் முழுக் கலிப்பரை மாற்றச் சொல்வார்கள்.

கராஜில் சில்லு பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். எயார் கன்னால் அடித்து இறுக்கினால் நட்டுக்கு நட்டு இறுக்கம் மாறி, நல்ல டிஸ்க்கும் கோணும். நட்சத்திர ஒழுங்கில் (எதிரெதிர் நட்டாக), இறுக்கத்தின் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீட்டர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோரம் கார் நிறுத்துகிறவர்கள் உப்புக் காற்றால் ஹப் துருவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடுகண்ணாவையோ றம்பொடையோ இறங்கும்போது சின்னக் கியரில் வாருங்கள், ஓட்டோமெட்டிக் கார் என்றால் கியர் லீவரில் எல் (L), ஹைபிரிட் என்றால் பி (B). டிஸ்க் கொதிக்கக் கொதிக்க சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடிக்க விடவேண்டாம்.

பில்லில் "புதிது" என்றோ "ரீகண்டிஷன்" என்றோ எழுதி வாங்குங்கள், பழைய சாமானைக் காருக்குள் போடச் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதை மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள். நான் டிஸ்க்கின் படம், மைக்ரோமீட்டர் படம், இரண்டு பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். கராஜ்காரர் கோல் எடுத்து அடுத்த சேர்விஸ் இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம், டிஸ்க் காசைத் தாருங்கள் என்றேன்.