பவளத் தொட்டிக்கு ஆர்ட்டீமியா: குஞ்சா, ஓடு நீக்கிய முட்டையா?

ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும், இறால் வகையைச் சேர்ந்த பொடி உயிரி; மீனுக்கும் பவளத்துக்கும் தீனி. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை ஆர்ட்டீமியா முட்டையை அப்படியே தொட்டியில் தூவும் வழக்கத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். அந்தப் பழுப்பு ஓடு மீனுக்குச் செரிக்காது. குட்டி மீன்களின் குடலை அடைக்கவும் கூடும். மிஞ்சியது மேலே மிதந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். ஆக, போட்டி பொரித்த குஞ்சுக்கும் ஓடு நீக்கிய முட்டைக்கும்தான்.

குஞ்சின் பலம் அதன் துடிப்பு. கடல்குதிரையும் மாண்டரின் மீனும் அசையாத தீனியைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பவளங்களுக்கும், அரை மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான இந்த ஆரஞ்சுப் புள்ளிகள் வாகான கவளம். விளக்கணைந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், பவளத்தின் கைகள் மடங்கி இரையை வாய்க்குள் தள்ளுவது தெரியும்.

வேலை மட்டும் கொஞ்சம் அதிகம். கவிழ்த்த பாட்டிலில் லிட்டருக்கு 25 முதல் 35 கிராம் உப்பு, 28 டிகிரி வெப்பம், ஓயாத காற்றுக் குமிழி, வெளிச்சம். ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் வெற்று ஓடுகள் மேலே ஒதுங்கும். அடியில் விளக்கை வைத்தால் குஞ்சுகள் அங்கே மொய்க்கும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, அலசிப் போட வேண்டும். அதிலும் கெடு உண்டு. பிறந்த குஞ்சு வாய் திறக்காமல் கருவின் சத்திலேயே உயிர் வாழ்கிறது. சுமார் 8 மணி நேரத்தில் தோலுரிப்பதற்குள் அந்தச் சத்தில் கணிசமான பங்கு கரைந்துவிடும். காலையில் பொரிந்ததை ராத்திரிக்குப் போடுகிறவர் வெறும் துடிப்பைத்தான் போடுகிறார்.

ஓடு நீக்கிய முட்டைக்கு இந்த அவசரம் இல்லை. பொரிப்பதற்கென்று சத்தைச் செலவழிக்காத கரு அது, குஞ்சைவிடப் பொடியானது. தானாக அசையாவிட்டாலும் அலை பம்ப் அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், ஆந்தியாஸ், குரோமிஸ் போன்ற மீன்கள் பாய்ந்து கொத்தும். அளவு மீறினால் பாறை இடுக்கில் தங்கி அழுகி, தண்ணீரில் பாஸ்பேட் என்னும் கழிவு உப்பை ஏற்றும். வீட்டிலேயே பிளீச்சில் ஓட்டைக் கரைக்கலாம்தான். ஆனால் கலவை 40 டிகிரியைத் தாண்டினால் கரு செத்துவிடும், நெடியும் தாங்காது. கடையில் வாங்குவதே மேல்.

சாதாரணப் பவளத் தொட்டிக்கு என் ஓட்டு, அன்றாடத்துக்கு ஓடு நீக்கிய முட்டை, வாரம் ஓரிரு இரவு பவளங்களுக்குக் குஞ்சு. இரண்டிலுமே கடல் மீனுக்கு வேண்டிய டிஹெச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு மிகக் குறைவு. அதை ஈடுகட்டும் வழி குஞ்சுக்கு மட்டுமே உண்டு: தோலுரித்து வாய் திறந்த பின் அதற்கென விற்கும் எண்ணெய்க் குழம்பை ஊட்டிவிட்டுத் தொட்டியில் விடலாம். கடல்குதிரை வளர்ப்பவர் இந்தச் சிரமத்துக்குச் சோம்பினால் நடக்காது.