டின்டைப்பா, கார்ட் டி விசிட்டா, ஓல்ட் ஜட்ஜா: பழைய பேஸ்பால் படங்களில் எதை வாங்கலாம்?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பேஸ்பால் படங்களைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த மூன்று வகைகள்தான். என் கணக்கு எளிது: எடுத்த ஆண்டை எந்தப் படம் நம்பும்படி காட்டுகிறதோ, அதற்குத்தான் பணம் கொடுக்கலாம். ஆண்டு பிடிபடாவிட்டால் படத்தில் இருப்பது எந்த அணி, எந்த ஆட்டக்காரர் என்று தேடவே முடியாது.

டின்டைப் பார்க்க அழகு. மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாக எடுப்பது, நெகட்டிவ் கிடையாது. ஆனால் 1856இல் காப்புரிமை பெற்ற இந்த முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தது. அதனால் தகட்டை வைத்து மட்டும் காலம் சொல்ல முடியாது. உடையைத்தான் நம்ப வேண்டும். நெஞ்சில் கேடயம் போலப் பொத்தான் வைத்த துணியும் நீளக் கால்சட்டையும் இருந்தால் 1860கள் என்று சந்தேகிக்கலாம். முழங்காலோடு நிற்கும் கால்சட்டையைப் பரப்பியது சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி, அந்தப் பத்தாண்டின் கடைசியில். மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முகக்கவசம் தெரிந்தால் 1877க்கு முன்னால் போகவே வேண்டாம். இதிலும் ஒரு சிக்கல்: சின்ன ஊர் அணிகள் பழைய சீருடையையே பல வருடம் போட்டு ஆடியிருக்கலாம். அப்புறம், டின்டைப்பில் இடம் வலமாகத் தெரியும், சட்டை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். “அபூர்வமான இடக்கை ஆட்டக்காரர்” என்று விற்பவர் சொன்னால் முதலில் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

என் ஓட்டு கார்ட் டி விசிட்டுக்கு. சுமார் இரண்டரைக்கு நாலு அங்குல அட்டையில் ஒட்டிய அல்புமின் படம், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட பிரதி. இதில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். ஸ்டூடியோ பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தால், அந்த நகரத்தின் பழைய முகவரிப் புத்தகங்களில் அந்தக் கடை எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தது என்று தேடலாம். தபால்தலை போன்ற வரி வில்லை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது: உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் போட்ட அந்த வரி 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான். இரண்டு வருடத்துக்குள் காலம் சுருங்கிவிடுகிறது! அட்டையும் உதவும்: மெல்லியதாக, மூலைகள் கூராக இருந்தால் 1860கள், தடித்து, மூலை வளைந்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியை சார்ல்ஸ் வில்லியம்சன் 1865இல் எடுத்த கார்ட் டி விசிட் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அதே படத்தின் இன்னொரு பிரதி 2013இல் மெயின் மாநிலத்தில் 92,000 டாலருக்கு ஏலம் போனது. ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதியும் இருக்கும், அதனால் உடையும் அட்டையும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும்.

1866 வாக்கில் வந்த கேபினட் கார்டு இதன் பெரிய வடிவம். அதே வழிகள்தான், வரி வில்லை மட்டும் கிடைக்காது.

ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளில் தேதித் தலைவலி குறைவு. நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை ஓல்ட் ஜட்ஜ் என்ற தன் சிகரெட்டோடு கொடுத்த ஆட்டக்காரர் புகைப்படங்கள் இவை. பெயரும் அணியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அவர் எந்த வருடம் அந்த அணியில் ஆடினார் என்று பார்த்தால் முடிந்தது. ஸ்டூடியோவுக்குள் நூலில் பந்தைத் தொங்கவிட்டு “பிடிக்கும்” காட்சிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். குறை ஒன்றுதான்: நிறைய அட்டைகளில் படம் வெளிறி, முகமே தெரியாது. 1909 முதல் 1911 வரை வந்த டி206 என்ற சிகரெட் அட்டை வரிசையை இதோடு சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றாலும் அது அச்சுப் படம், புகைப்படம் இல்லை.

எந்த அட்டையை வாங்கினாலும் இரண்டு சோதனை செய்யுங்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சடித்த நகல். புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், அது 1950 வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்த தாள்.