வண்டியை வீட்டு வைஃபையில் இணைக்க வேண்டுமா? மூன்று வருட மாடல் ஒய் அனுபவம்

டெஸ்லா மாடல் ஒய் மின்சார கார் வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது. டெக்சாஸில் பிளேனோ பக்கம் வீடு, வண்டி நிற்பது கராஜில். புதிதாக டெஸ்லா எடுக்கும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "அதுலதான் சிம் இருக்கே, வீட்டு வைஃபை எதுக்குங்க?" என்பது. வண்டியை டெலிவரி எடுத்து வந்த அன்றே இணைத்துவிடுங்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்லிவருகிறேன். அப்டேட் ஒன்றுக்காகவே அது வேண்டும்.

வண்டிக்குள் இருக்கும் சிம், வழிகாட்டுவதற்கும் செல்போன் ஆப்போடு தொடர்பில் இருப்பதற்கும் போதும். மென்பொருள் அப்டேட் அதன் வழியாக வரவே வராது என்றில்லை. ஆனால் எல்லா அப்டேட்டும் சிம்மில் வரும் என்று நம்பியிருக்க முடியாது. வைஃபையை இணைத்தே வையுங்கள் என்று டெஸ்லாவின் கையேடே சொல்கிறது. புது அப்டேட் வந்தால் திரையின் மேல்பக்கம் மஞ்சள் நிறத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று தெரியும். வைஃபை கிடைக்காமல் அப்டேட் காத்திருக்கிறது என்று அர்த்தம். இணைப்பு கிடைத்ததும் அம்பு பச்சையாகி, இறங்க ஆரம்பித்துவிடும். வழிகாட்டிக்கான வரைபடத் தொகுப்பு இன்னும் பெரியது, பல ஜிபி வரும். அதற்கு வைஃபைதான் வழி. எங்கள் ஊருக்கு வடக்கே பிராஸ்பர், செலைனா பக்கமெல்லாம் நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் இன்று நாலுவழிச் சாலை. பழைய வரைபடத்தோடு அங்கே போனால் வண்டி திணறத்தான் செய்யும்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது, அப்டேட் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது 2018-ல் நடந்ததை. டெஸ்லாவின் மாடல் 3-ஐச் சோதித்த கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் (பொருட்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு), மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி நிற்க 152 அடி ஆகிறது என்று எழுதி, அதைப் பரிந்துரைக்க மறுத்தது. சில நாட்களில் டெஸ்லா ஒரு அப்டேட் அனுப்பியது. மறுபடி சோதித்தபோது 133 அடியில் நின்றது. யாரும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை, ஒரு ஸ்க்ரூ கழற்றவில்லை. பத்தொன்பது அடி என்பது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்தால் அந்த இடைவெளி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைப்பது, என்றால் டீலரிடம் போய்க் காத்திருப்பது என்ற பழக்கமும் மாறிவிட்டது. 2023 டிசம்பரில், ஓட்டுநருக்கு உதவும் ஆட்டோபைலட் வசதிக்காக அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லாக்களுக்கு ரீகால் வந்தது. 2024 பிப்ரவரியில் பிரேக், பார்க், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்குகளின் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று சுமார் 22 லட்சம் வண்டிகளுக்கு. இரண்டுக்கும் தீர்வு மென்பொருள் அப்டேட்தான். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒரு திருத்தம் வாசல்வரை வந்து காத்திருக்கிறது. அதற்குக் கதவைத் திறந்து வைக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. அப்டேட் முழுவதையும் சொந்த சிம்மிலேயே இறக்கிக்கொள்ளும் கார்கள் இருக்கின்றன. அவற்றில் வைஃபை இணைக்கும் வசதியே இல்லாத மாடல்களும் உண்டு. ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ மாதிரி சில வண்டிகள் இரண்டையும் பயன்படுத்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இனி கராஜ் விஷயம். எங்கள் ரவுட்டர் மாடி அறையில் இருந்தது. நடுவில் இரண்டு சுவர், ஒரு வாட்டர் ஹீட்டர், போதாததற்குத் தகரக் கதவு. வண்டித் திரையில் வைஃபை ஒரு கோடு காட்டும், பிறகு அதுவும் போய்விடும். அப்டேட் பாதியில் நிற்கும். துணி துவைக்கும் அறை கராஜை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே வைஃபையை இன்னும் தூரம் பரப்பும் ஒரு மெஷ் கருவி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. புதிதாகச் செலவு செய்வதற்கு முன்னால், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் இணைத்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-தான் கெட்டி. நான் வண்டிக்குக் கொடுத்திருப்பது கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தாளிகளுக்கான தனி இணைப்பு. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் இருக்கும் இணைப்பில் அதற்கு வேலை இல்லை.

தரவுப் பகிர்வுக்கு அனுமதி கொடுத்திருந்தால் வண்டியின் கேமராப் பதிவுகள் இதே வைஃபை வழியாக டெஸ்லாவுக்குப் போகும். மாதத்துக்கு இத்தனை ஜிபிதான் என்று வரம்பு உள்ள இணைப்பு வைத்திருப்பவர்கள் அந்த செட்டிங்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரவுட்டரையோ பாஸ்வேர்டையோ மாற்றினால் வீட்டில் டிவி நின்றவுடன் எல்லாரும் கேட்பார்கள்; வண்டி ஒன்றும் சொல்லாது. அதை நினைவாகப் போய் மறுபடி இணைக்க வேண்டும்.

இறக்கி முடித்த பிறகு, நிறுவ அரை மணி நேரம் போல ஆகும். அந்த நேரத்தில் வண்டியை எடுக்க முடியாது, சார்ஜ் ஏறுவதும் நின்று, முடிந்ததும் தானாகத் தொடரும். நான் இரவு இரண்டு மணிக்கு வைத்துவிடுவேன்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்குத்தான் சிரமம். பார்க்கிங்குக்கு வீட்டு வைஃபை எட்டாது. என் மச்சான் செல்போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, வைஃபை செட்டிங்கில் ஓட்டும்போதும் இணைப்பு நீடிக்கும்படி வைத்திருக்கிறான். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. வரைபடம் வரும் மாதம் மட்டும் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது வண்டியை கராஜ் ஓரமாக நிறுத்திக்கொள்வான்.