ஒரே பட்டனா, தனித்தனி வேலையா? கல்யாண வீடியோவை டிவிடியில் ஏற்ற எது கைகொடுக்கும்

பென் டிரைவ் காலத்தில் டிவிடியா என்று சிரிக்காதீர்கள். பர்மாவில் தட்டோன் பக்கம் இருக்கும் என் பெரியம்மா வீட்டு டிவியில் யூஎஸ்பி சொருக இடமே இல்லை. அடியில் இருக்கும் பழைய டிவிடி பிளேயர்தான் கதி. தங்கை கல்யாண வீடியோவை அவருக்கு அனுப்ப, ரங்கூனில் உட்கார்ந்து நான் வீணடித்த டிஸ்க் ஏழு. அதில் ஐந்து, வெட்டி ஒட்டுவது முதல் ரைட் பண்ணுவது வரை ஒரே பட்டனில் முடித்துத் தருகிறேன் என்ற ஒரு கட்டண மென்பொருளை நம்பிப் போட்டவை.

அதன் சௌகரியத்தைக் குறை சொல்ல மாட்டேன். கோப்பை இழுத்துப் போட்டு, மெனுப் படத்தைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். மின்சாரம் நிலையாக இருக்கும் ஊருக்கு அது சரி. என் பழைய லேப்டாப்பில் வீடியோவை டிவிடி வடிவத்துக்கு மாற்றுவதற்கு மட்டுமே ஐந்து மணி நேரம். பேட்டரியும் செத்துப்போனது. 90 சதவீதத்தில் கரண்ட் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. கரண்ட் இருந்த இரவுகளிலும் காலையில் 'பிழை ஏற்பட்டது' என்று ஒற்றை வரி. எந்த இடத்தில் பிழை என்று சொல்லாது.

அதை டிஸ்க்கே சொல்லும். டிவிடியில் உள்ளிருந்து வெளியாகத்தான் எழுதப்படும். அடிப்பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி நிறம் மாறி வளையமாகத் தெரியும். வளையமே இல்லையென்றால் ரைட்டிங் தொடங்கவே இல்லை, கோளாறு பெரும்பாலும் வடிவ மாற்றத்தில். பாதியில் நின்றிருந்தால் ரைட்டர், டிஸ்க், மின்சாரம் மூன்றில் ஒன்று. என் ஐந்தில் மூன்றில் வளையமே இல்லை. நானோ கடைக்காரரிடம் போய், டிஸ்க் மட்டம் என்று சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதன்பிறகு வேலையைப் பிரித்தேன். வெட்டுவதற்கு ஷாட்கட், டிவிடி வடிவத்துக்கு மாற்ற டிவிடி ஃபிளிக் அல்லது டிவிடி ஸ்டைலர், ரைட் பண்ண இம்ஜ்பர்ன். எல்லாம் இலவசம்.

நடுவில் உள்ள இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி. ஃபிளிக் எளிது, நீளத்தைப் பார்த்து, டிஸ்க்கில் அடங்கும்படி தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் 2009-ல் வந்த 1.3.0.7 பதிப்போடு நின்றுவிட்டது. இன்றைய போன்கள் எடுக்கும் எச்இவிசி வடிவம் 2013-ல் வந்தது, அதற்குத் தெரியாது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில், எச்.264 என்ற பழைய வடிவமாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஸ்டைலரில் மெனு, பட்டன், பின்னணிப் படம் என்று நிறைய விளையாடலாம். பழக அரை நாள் பிடிக்கும். நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனிப் பட்டன் கேட்ட சம்பந்தி வீட்டுக்கு ஸ்டைலர். டிஸ்க்கைப் போட்டதும் தாலி கட்டுவது ஓடினால் போதும் என்ற பெரியம்மாவுக்கு ஃபிளிக்.

இரண்டிலும் நேராக ரைட் பண்ணாமல் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிஸ்க்கில் எழுத வேண்டியதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பாக, நிறுத்திக்கொள்ளலாம். என் ஓட்டு முழுக்க இதற்குத்தான். ஐஎஸ்ஓ வன்தட்டில் இருந்தால், கரண்ட் போனாலும் நஷ்டம் ஒரு டிஸ்க் மட்டுமே. இம்ஜ்பர்னும் 2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆனால் அதன் வேலைக்கு அதுவே போதும். 8 மடங்கு வேகத்தில் சுமார் 8 நிமிடம், பிறகு எழுதியதைச் சரிபார்க்கும். தவறினால் எங்கே தவறியது என்று வரிவரியாகச் சொல்லும். யூஎஸ்பி ரைட்டர் அடிக்கடி துண்டித்துக்கொண்டால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். ஒரு போர்ட்டின் மின்சாரம் அதற்குப் போதாமல் இருக்கலாம். இரண்டு போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலை கேபிள் வாங்கிப் பாருங்கள்.

ஆறாவது டிஸ்க் ஓடியது, சத்தம்தான் பின்தங்கியது. மேளம் அடித்து முடித்தபின் மேளச் சத்தம். போன் வீடியோவில் நொடிக்கு இத்தனை பிரேம், அதாவது இத்தனை தனிப்படம், என்பது நிலையாக இராது; அதனால் வந்த வினை. ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து, மாற்றிக்கொள்ளவா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியவன் நான்தான்.

அடுத்தது பால், என்டிஎஸ்சி குழப்பம். இரண்டும் டிவி முறைகள்: பால் நொடிக்கு 25 பிரேம், என்டிஎஸ்சி சுமார் 30. பர்மாவின் பழைய டிவி முறை என்டிஎஸ்சி, இந்தியாவினுடையது பால். சீனப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும் என்றாலும், போனில் 30 பிரேமில் எடுத்ததை 25 பிரேம் பாலுக்குள் திணித்தால் நடப்பவர்கள் தத்தித் தத்தி நடப்பார்கள். போன் வீடியோ என்றால் என்டிஎஸ்சி. சென்னையிலிருந்து வந்த 25 பிரேம் கேமரா வீடியோ என்றால் பாலாகவே விட்டுவிடுங்கள்.

ஏழாவதில் பேராசை. டிஸ்க்கில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 4.37 என்றே காட்டும். இரண்டு மணி நேரப் படத்துக்கு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் தகவல் கிடைக்கும்; இது குறையக் குறையப் படத்தின் தரமும் குறையும். மூன்றரை மணி நேரத்தையும் அடைத்தேன். 3 மெகாபிட்கூடத் தேறவில்லை. ஹோமப் புகை கட்டம் கட்டமாக எழும்பியது.

எட்டாவதை இரண்டு மணி நேரமாக வெட்டி அனுப்பினேன். பெரியம்மா போன் பண்ணினார். "படம் நல்லா ஓடுதுப்பா, சத்தமும் ஒட்டி வருது. ஆனா நான் ஆரத்தி எடுத்தேனே, அதை எங்க காணோம்?"