ஏர் பெட் வாங்கி மூன்று வருடம் ஆன பிறகு

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவமனையில் கொடுத்த சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே ‘ஏர் பெட்’ என்று எழுதியிருந்தது. எப்படிப் போடுவது, எதைச் செய்யக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் ஒரு சர்ஜிகல் கடையில் 2,400 ரூபாய்க்கு வாங்கி வந்து, கட்டில் மெத்தை மேல் விரித்து, மோட்டாரைக் கால்மாட்டில் மாட்டினேன். முதல் ராத்திரி அம்மா கேட்டது: “ஏப்பா, இந்த மெத்த மூச்சு விடுதே?”

உண்மையில் அது செய்வது அவ்வளவுதான். மெத்தை முழுக்கக் குமிழ்கள். மோட்டார் ஒரு வரிசைக்குக் காற்றை ஏற்றும்போது பக்கத்து வரிசை இறங்கும்; சில நிமிடம் கழித்து அப்படியே மாறும். உடம்பின் ஒரே இடம் தொடர்ந்து அழுந்தினால் அங்கே ரத்தம் ஓடாது, சதை செத்துப் புண்ணாகும். அழுத்தத்தை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்கு அவ்வப்போது ஓய்வு கிடைக்கும் என்பது கணக்கு.

நான் அந்தக் கணக்கை முதல் வாரமே கெடுத்தேன். மெத்தை பாழாகிவிடும் என்று ரெக்ஸின் விரிப்பு, அது வியர்க்கிறது என்று மேலே ஜமுக்காளம், அதற்கும் மேலே மடித்த போர்வை. இத்தனை அடுக்குக்கு அப்புறம் குமிழ் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அது போக, அம்மா சீரியல் பார்க்க வேண்டுமென்று மூன்று தலையணை வைத்து மதியம் முழுக்கச் சாய்த்து வைப்போம். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்குவார். எலும்பு கீழே நகரும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும். நடுவில் மாட்டிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். மூன்றாவது வாரம் வால் எலும்புக்கு மேல் தோல் உரிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் ‘சிவந்த தோல், அழுத்தினால் வெளுக்காது’ என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. எங்கள் அம்மா நல்ல கறுப்பு. சிவப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவே இல்லை. கறுத்த தோலில் அது தெரியாமல் போகலாம். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கல் மாதிரி கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்பு (வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) நர்ஸ். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது, சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் வந்து பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தேவை வந்தபோதுதான் தெரிந்தது.

அவர் வந்ததும் ஜமுக்காளத்தையும் ரெக்ஸினையும் உருவி எறிந்தார். ஏர் பெட்டுக்கு அடியில், அம்மாவின் இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை விட்டார். “எலும்பு என் கையில இடிக்குது சார், காத்து பத்தல” என்று மோட்டாரின் திருகைக் கூட்டினார். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டுமாம். கடையில் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்தப் புண் வந்திருக்காது என்று இப்போதும் எனக்கு ஆற்றாமை உண்டு. இடுப்புக்கு அடியில் வைத்திருந்த, நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தையும் தூக்கிப் போடச் சொன்னார். அது ஓட்டையைச் சுற்றியுள்ள சதையை நெரித்து, நடுவில் ரத்தம் வராமல் செய்துவிடும். புண் ஆற இரண்டரை மாதம் ஆனது.

அதன் பிறகு இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது என்று ஆரம்பித்தோம். பகலில் என் மனைவியும், உதவிக்கு வரும் அக்காவும். அந்த அக்கா பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து அம்மாவின் இடுப்புக்கடியில் போட்டு, ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி நகர்த்துவார். தோல் இழுபடாது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் நகர்த்தும் துணியும் செய்வது இதே வேலைதான். ஒருக்களித்து முழுதாகப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும், அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு ஒரு தலையணை, குதிகால் அந்தரத்தில் நிற்கிற மாதிரி. ஏர் பெட் குதிகாலைக் காப்பாற்றாது. இதை எழுதி ஒட்டியே வைத்திருக்கிறோம்.

ராத்திரிதான் எங்கள் உயிரை வாங்கியது. பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று அலாரம். நாலு மாதத்தில் வீட்டில் எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தோம். தூக்கம் வராத ஒரு ராத்திரி, இந்த இரண்டு மணி நேரத்தை யார்தான் கண்டுபிடித்தது என்று தேடினேன். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், தண்டுவடம் அடிபட்ட நோயாளிகளை இரவு பகலாக இரண்டு மணிக்கொரு முறை திருப்ப வைத்திருக்கிறார். நல்ல மெத்தை என்று எதுவும் பெரிதாக இல்லாத காலம். இன்றைய மெத்தையில் அதே இடைவெளி வேண்டுமா என்று செவிலியர் துறை ஆய்வாளர் நான்சி பெர்க்ஸ்ட்ரோம் குழுவினர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். 942 பேர், அடர்த்தியான ஃபோம் மெத்தை, 2, 3, 4 மணி நேரம் என்று மூன்று பிரிவு. மூன்று வாரத்தில் புண் வந்தது மொத்தமாக 2 சதவீதம் பேருக்குத்தான். பிரிவுகளுக்கு இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

உடனே நாலு மணி நேரத்துக்கு மாற்றிவிடலாம் என்று துள்ளினேன். நர்ஸ் விடவில்லை. அவர்கள் புண் இல்லாமல் ஆய்வுக்குள் வந்தவர்கள், அம்மாவுக்கு ஒரு தடவை வந்த இடம். அது ஃபோம், இது காற்று. டாக்டரிடமும் கேட்டு, ராத்திரி மட்டும் மூன்று மணி நேரம், காலையில் தோலைத் தொட்டுப் பார்த்து மாற்றம் இருந்தால் பழையபடி இரண்டு என்று முடிவானது. பதினொன்று, இரண்டு, ஐந்து. ஒரு அலாரம் குறைந்ததில் வீட்டில் பேச்சே மாறிவிட்டது. கடந்த இரண்டு வருடத்தில் இரண்டு தடவைதான் பழைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டியிருந்தது, இரண்டும் காய்ச்சல் நாட்கள்.

இனி பொருளைப் பற்றி. முதல் பெட் பதினோரு மாதம் உழைத்தது. ஓரத்தில் ஒரு குமிழ் விட்டுப்போய், சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் அது நிற்கவில்லை. மோட்டாருக்கு ஒரு வருட வாரன்டி, மெத்தைக்குக் கிடையாது என்பது பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அடுத்து 6,800 ரூபாய்க்குக் குழாய் வகை வாங்கினேன். குழாய்கள் உயரமாக இருக்கும், ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். இரண்டு வருடத்தில் ஒரு குழாய்தான் மாற்றினேன். அம்மா எடைக்குக் குமிழ் வகை போதவே போதாது என்பது இப்போது தெரிகிறது. கரண்ட் செலவு ஒன்றுமில்லை: 8 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 12 யூனிட் வராது.

கரண்ட் போனால்தான் வம்பு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து நிறுத்தும் நாளில் மெத்தை மெல்ல இறங்கிப் பலகையில் படுத்த கதையாகிவிடும். டியூபை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கொஞ்ச நேரம் சமாளிப்போம். பிறகு இன்வெர்ட்டரில் ஒரு பிளக்கை இதற்கென்றே ஒதுக்கினோம். ஒருமுறை நள்ளிரவில் மோட்டாருக்குள் ரப்பர் கிழிந்து நின்றுபோனது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. அம்மாதான் கூப்பிட்டார்: “ஏப்பா, சத்தத்தக் காணோம்.”

இவ்வளவுக்கும் பிறகு ஏர் பெட் தேவைதானா என்றால், என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பிரிட்டனில் 2,029 நோயாளிகளை வைத்து, மாறி மாறிக் காற்று ஏறும் மெத்தையையும் நல்ல ஃபோமையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வந்தது. புதிதாகப் புண் வந்தவர்கள் காற்று மெத்தையில் 6.9 சதவீதம், ஃபோமில் 8.9. சிகிச்சைக் காலம் முடிந்து முப்பது நாள் வரை பார்த்ததில் இது உறுதியான வித்தியாசம் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஃபோமுக்கு மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, பராமரிப்பு நாள் பயம் இல்லை. இந்தக் குழாய் பெட் போனால் அடுத்தது ஃபோம் பார்க்கலாமா என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறேன். போன வாரம் மூன்று கடையில் விசாரித்தேன். மருத்துவ ஃபோம் என்று காட்டினார்கள்; அடர்த்தி எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் கையால் அமுக்கிக் காட்டி, “நல்லா கெட்டியா இருக்கும் சார்” என்றார்.