மகதலேனா முதல் தோமையார் வரை: சிவாஜிநகர் மாலை வகுப்பு எப்படி?

பெங்களூர் சிவாஜிநகர்ப் பகுதியில் உள்ள ஓர் ஆலயக் கூடத்தில், தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் வரலாற்றில் யார் யார் என்பதை ஆராயும் வகுப்பு சனிக்கிழமை மாலைகளில் தமிழில் நடக்கிறது. 500 ரூபாய் கட்டணத்துக்கு அது தகுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்நகரில் இத்தகைய பாடங்களை ஆங்கிலத்தில் கற்க வழிகள் உண்டு. வேலை முடிந்து வரும் தமிழர் தம் மொழியில் கேட்கும் இடம் அரிது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் புராட்டஸ்டண்ட் சபையினர், வரலாற்று ஆர்வத்தால் மட்டும் வரும் இந்துக்கள் என எல்லோரும் கலந்தே அமர்கிறார்கள்.

ஒருவரைப் பற்றி நாம் நம்பும் செய்தி முதன்முதலில் எந்த நூலில், எக்காலத்தில் எழுதப்பட்டது என்பதே ஆசிரியர் எப்போதும் எழுப்பும் கேள்வி. மகதலேனா மரியாள் வகுப்பில் அதன் பயன் நன்கு தெரிந்தது. லூக்கா நற்செய்தியின் 7ஆம் அதிகாரக் கடைசிப் பகுதியையும் 8ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களையும் இடையில் நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்கு அங்கே பெயரே இல்லை. அடுத்த அதிகாரத்தில்தான், ஏழு பேய்கள் நீங்கப்பெற்ற மகதலேனா, புதிதாக அறிமுகமாகும் ஒருவராக, யோவன்னாள், சூசன்னாள் ஆகியோருடன் வருகிறார். பிரசங்கங்களில் நாம் கேட்டுப் பழகிய 'மனந்திரும்பிய விலைமாது' எங்கே என்று ஒருவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரில்லாப் பெண்ணையும், மார்த்தாளின் சகோதரியான பெத்தானியா மரியாளையும், மகதலேனாவையும் ஒருவராகக் கருதும் வழக்கத்துக்கு மேற்கில் நிலையான செல்வாக்கைத் தந்தது 591ஆம் ஆண்டளவில் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரை என்பதையும், கீழைத் திருச்சபைகள் அதை ஏற்கவில்லை என்பதையும், 1969ஆம் ஆண்டின் உரோமை நாள்காட்டித் திருத்தம் அந்த இணைப்பைக் கைவிட்டதையும் அவர் வரிசையாக விளக்கினார்.

யாக்கோபு பற்றிய வகுப்பு இன்னும் சூடாக நடந்தது. செபதேயுவின் மகன், அல்பேயுவின் மகன், 'ஆண்டவரின் சகோதரர்' என்று பெயர் மூவரிடம் பிரிந்து கிடக்கிறது. மூன்றாமவரைக் கலாத்தியர் மடலில் பவுலே குறிப்பிடுகிறார். யூதேயாவின் உரோமை ஆளுநர் பெஸ்து இறந்து அடுத்த ஆளுநர் வந்து சேர்வதற்குள், கி.பி. 62இல், தலைமைக் குரு அனனுஸ் இந்த யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லச் செய்தார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் எழுதியிருக்கிறார். 'சகோதரர்' என்றால் உடன்பிறந்தவரா, மரியாளின் கணவர் சூசையின் முதல் மனைவியின் மகனா, உறவினரா என்பதில் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ஹெல்விதியுஸ், எப்பிபானியுஸ், ஜெரோம் ஆகிய மூவரும் 4ஆம் நூற்றாண்டிலேயே மூன்று பக்கம் நின்றார்கள். என் அருகில் இருந்த அம்மாள் ஜெரோமை விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆசிரியரும் யாரையும் மட்டம் தட்டாமல் மூன்று வாதங்களையும் முழுமையாகச் சொன்னார்.

திருத்தூதர் யோவானும், 2ஆம் நூற்றாண்டு ஆயர் பாப்பியாஸ் குறிப்பிடும் மூப்பர் யோவானும் ஒருவரா இருவரா என்ற சிக்கலை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது போதவில்லை.

என் பெரிய குறை, தமிழகத்துக்கு வந்ததாக நம்பப்படும் திருத்தூதர் தோமையார் பற்றிய வகுப்பில்தான். அவர் நினைவைப் போற்றும் சென்னையின் பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் படங்கள் திரையில் ஓடின. அதுவரை எல்லோருக்கும் பயன்படுத்திய கேள்வியை ஆசிரியர் இவருக்கு மட்டும் கேட்கவில்லை. தோமாவின் பணிகள் என்னும் நூல் 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்தது. அதில் வரும் கொந்தோபரஸ் மன்னன் கற்பனைப் பாத்திரம் அல்லன் என்பதை நாணயங்கள் காட்டுகின்றன, ஆனால் அவன் ஆண்டது இந்தியாவின் வடமேற்கை. பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் 1547இல் கண்டெடுத்த பகலவி (பழைய பாரசீக) எழுத்துச் சிலுவையோ திருத்தூதர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இவற்றைச் சொல்வதால் தோமையார் தெற்கே வரவில்லை என்று ஆகிவிடாது. மகதலேனாவைப் பற்றிய உண்மையைத் தாங்கிக்கொண்ட அதே கூட்டம் இதையும் தாங்கியிருக்கும்.

கைப்பிரதிகளின் நகல் மங்கலாக இருக்கிறது, ஒலிபெருக்கி இரைகிறது, தேநீர் நன்றாக இருக்கிறது. கட்டணத்துக்கு வகுப்பு தாராளமாகத் தகும். சேர விரும்புவோர் கத்தோலிக்கர் வாசிக்கும் விவிலியப் பொது மொழிபெயர்ப்பையோ சி.எஸ்.ஐ. சபையினர் வாசிக்கும் பழைய பதிப்பையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்; கூடத்தில் கூடுதல் பிரதிகள் வைப்பதில்லை.